எதிர்வீட்டிலிருந்து வந்த பதில்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஜார்ஜ் டவுனில், எங்கள் மாடிச் சன்னலுக்கும் பின்சந்துக்கு அப்பால் இருந்த எதிர்வீட்டு மாடிச் சன்னலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தோம். பார்ப்பவர்களுக்கு அது துணி காயப்போடும் கயிறு. எங்களுக்கு அதில் வேறு வேலை இருந்தது. எதிர்வீட்டு முன்வாசல் பெரிய தெருவைப் பார்த்தது. சோதனை லாரி வந்தால் அங்கேதான் முதலில் தெரியும். தெரிந்ததும் அந்த வீட்டுத் தச்சர் கயிற்றை மேல்நோக்கி ஒரு தட்டுத் தட்டுவார். அலை ஓடிவந்து என் சன்னல் கம்பியில் முட்டும். நான் அரிசியை ஒளிப்பேன்.

அரிசி என்றால் கள்ளச் சந்தையில் வாங்கிய ஒரு சிறு மூட்டை. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, பிள்ளை பெற்று மாதம் ஆகாத என் மனைவிக்கு அதுதான் சோறு. பிடிபட்டால் அரிசியும் போகும், நானும் போவேன். இரண்டில் எதற்கு அவள் அதிகம் அழுவாள் என்பதில் எனக்கு ஐயம் இருந்தது.

தச்சருக்கு ஜப்பான்காரர்களின் படகுப் பட்டறையில் வேலை கிடைத்ததும் என் ஐயமெல்லாம் அவர்மேல் திரும்பியது. வேலை கொடுத்தவன் பதிலுக்கு என்ன கேட்டிருப்பான்? ஆள் இன்னும் காவல் காக்கிறாரா என்று பார்க்க, ஒரு நடுப்பகலில் கயிற்றை மேலே தட்டினேன். துறைமுகத்துத் தடித்த கயிறு. அலை சோம்பலாகப் போனது. போன கையோடு ஒரு பதில் வந்தது. எதிர்ச் சன்னலோ சாத்தியிருந்தது.

காலையில் தட்டினேன், மாலையில் தட்டினேன். எப்போது தட்டினாலும் பதில். யோக்கியமான மனிதன் சாத்திய சன்னலுக்குப் பின்னால், இருட்டில், நாள் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? போதாக்குறைக்கு, நான் மேலே எழுப்பி அனுப்பியது கீழே தொங்கிக்கொண்டு வந்தது.

மனைவியிடம் முறையிட்டேன்.

“மெல்லத் தட்டினா மெல்ல வருது. பலமாத் தட்டினா பலமா வருது. அதுவும் தலைகீழா. ஆள் எனக்குப் பழிப்புக் காட்டுறார்.”

“அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோப்பா? கயித்தை விட்டுட்டு வந்து பிள்ளையைப் பிடியுங்கோ.”

பிடித்தேன். தோளில் பிள்ளையோடு இன்னொரு தட்டும் தட்டிப் பார்த்தேன்.

கடைசியில் கயிற்றை அறுத்துவிடுவதென்று முடிவு செய்து, ஒரு காலை கத்தியோடு சன்னலுக்குப் போனேன். அறுக்கும்முன் ஆசைக்கு ஒரு தட்டு. அதே நேரம் எதிர்முனையிலிருந்தும் ஓர் அலை கிளம்பியது. கயிற்றின் நடுவில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் இரண்டு மேடும் சேர்ந்து ஒரே பெரிய மேடாக எழும்ப, காகம் திட்டிக்கொண்டே பறந்தது. அலைகள் அடித்துக்கொண்டு சாகும் என்று பார்த்தால், ஒன்றையொன்று ஊடுருவி, ஒன்றுமே நடக்காதது போலத் தத்தம் வழியே போயின. எதிர்வீட்டு அலை என்னிடம் நிமிர்ந்து வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே என்னுடையது, வழக்கம்போலத் தலைகீழாக.

ஒன்று அனுப்பி இரண்டு வந்திருக்கிறது. கட்டிய முனையில் மோதும் அலை கவிழ்ந்து திரும்பும் என்று பள்ளியில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இத்தனை நாளும் எதிர்வீட்டு இரும்புக் கம்பியோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் நிமிர்ந்து வந்ததைக் கம்பி அனுப்பவில்லை.

“லாரி வருது,” என்றேன்.

மூட்டை தொட்டிலுக்குள் போனது. அதன்மேல் துணி, துணிமேல் பிள்ளை. படியேறி வந்த சிப்பாய் கரிச்சாக்கைக் குத்திப் பார்த்தான். பிறகு தொட்டிலை ஆட்டினான். கொக்கி முனகியது. அந்த வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் அதிகமான முனகல். அவன் கொக்கியை நிமிர்ந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். பிள்ளை வீறிட்டது. காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனான்.

மாலையில் தச்சர் பின்வாசலுக்கு வந்தார்.

“அண்ணே, பாகான் டாலாம்ல மச்சான் வீட்டுல இருந்துட்டு நேத்து ராத்திரிதான் திரும்புனோம். எங்க கம்பியில கயிறு உரசித் தேஞ்சு கெடக்கு. யாரு ஆட்டுனது?”

“காத்தா இருக்கும் தம்பி. சொல்லாமப் போயிட்டீங்களே?”

“இந்தக் காலத்துல யாருகிட்ட லா சொல்லிட்டுப் போறது? காத்துன்றீங்க, இன்னிக்குக்கூட நான் தட்டுறப்பவே உங்க பக்கமும் ஆடுச்சு. நீங்க யாருக்கோ சைகை காட்டுறீங்கன்னு எங்க வீட்டுல பயப்படுது. எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.”

என்மீதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி ஒரு தகரப் பேணி நிறைய அரிசி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

“எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லிறாதீங்க அக்கா. தெரியாம இருந்தாத்தான் எனக்கு நல்லது.”

பேணியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். நான் மாடிக்கு ஓடிச் சன்னலில் நின்றேன்.

“இன்னும் என்னப்பா பாக்கிறியள்?”

“ஒண்டுமில்லை,” என்றேன். நேரே தம் வீட்டுக்குத்தான் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.