அண்டாக்கள்மேல் ஓர் இன்ஜங்ஷன்

"உத்தரவு வாங்கினவனே நான்தானே, கிராணி! என்னையே உள்ளே விடமாட்டேங்கிறான் அந்தப் பெயிலிப்!"

ஒரு புதன்கிழமை காலை சிக்கந்தர் ராவுத்தர் எங்கள் வக்கீல் ஆபீஸுக்குள் நுழைந்தது இப்படித்தான். வாசலில் அவருடைய மாட்டுவண்டி காலியாக நின்றது. மலாக்காவில் ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் நான் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தா. கூட்டாளிகள் சண்டையில் கோர்ட் போடும் இடைக்காலத் தடையுத்தரவுகள், அதாவது இன்ஜங்ஷன்கள், என் மேஜையில் நிறையத் தயாராகியிருக்கின்றன. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

1. சிவப்புக் கைப்பிடிகள்

ராவுத்தரும், காஜா பேராங் பகுதியில் தலைமுறைகளாக வாழும் 'செட்டிகள்' என்ற இந்துச் சமூகத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளையும் கூட்டாளிகள். விருந்துகளுக்குச் செம்பு அண்டாக்களை வாடகைக்கு விடுவது தொழில். தெங்கேரா வட்டாரத்தில் சரக்குக் கிட்டங்கி. பிள்ளைக்குப் பெயர் மட்டும்தான் தமிழ், பேச்சு மலாய்.

தொழிலின் நாணயம் ஓர் ஏற்பாட்டில் நின்றது. முஸ்லிம் வீடுகளுக்குப் போகும் அண்டாக்கள் ஒரு வரிசை. செட்டி வீடுகளுக்குப் போகிறவை, கைப்பிடியில் சிவப்புச் சாயம் பூசியவை, இன்னொரு வரிசை. முன்னோருக்குப் படையல் சமைப்பது அவற்றில் என்பதால் மாட்டிறைச்சி அவற்றில் ஏறக் கூடாது.

திடீரென்று பிள்ளை சிவப்பு அண்டாக்களைத் தன் வீட்டுக்கு ஏற்றத் தொடங்கினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கூட்டுச் சொத்தைக் கடத்துகிறார் என்று ராவுத்தர் எங்களிடம் வந்தார்.

"கிட்டங்கியிலிருந்து ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது, துரை!"

அஃபிடவிட் தயாரித்தோம். எதிர்த்தரப்பு இல்லாமலே மனு விசாரணைக்கு வந்தது. "ஒரு கூட்டாளியின் கையை மட்டும் கட்டினால் மற்றவர் கை நீளும்" என்று சொல்லி, உத்தரவில் 'வாதியும்' என்ற சொல்லை ஜட்ஜ் தம் பேனாவால் சேர்த்தார். இனி அவரும் எதையும் எடுக்க முடியாது என்று கோர்ட் படியிலேயே ராவுத்தருக்கு விளக்கினேன்.

"சரி சரி. அவன் கை நின்னுச்சுல்ல, அது போதும்" என்றார்.

2. நிக்காஹ்

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிக்காஹ். தெங்கேரா முழுவதும் அழைத்தாகிவிட்டது. சமைக்க வேண்டிய அண்டாக்கள் கோர்ட் அமீனாவான பெயிலிப் வைத்த அரக்கு முத்திரைக்கு உள்ளே.

"சீனன் கடையில் வாடகைக்குக் கிடைக்குமே, ராவுத்தரே?"

"அதுல பன்னி வெந்திருக்கும், கிராணி. என் சம்பந்தி எழுந்து போயிடுவாரு."

"அப்படியானால்…"

"பூட்டை உடைச்சா?"

"ஜெயில். மாப்பிள்ளை அங்கே வந்துதான் உங்களுக்கு சலாம் சொல்ல வேண்டும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "என் பொஞ்சாதி என்ன கேக்குறா தெரியுமா? 'ஊர்ல எல்லாரும் மக கல்யாணத்துக்குப் பந்தல் போடுவாங்க. நீங்க தடை போட்டிருக்கீங்களே'ன்னு கேக்குறா."

வழி ஒன்று இருந்தது. உத்தரவை மாற்றக் கோரி இரு தரப்பும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி இத்தகைய உத்தரவுகளின் கடைசியில் இருக்கும். எதிராளி சம்மதித்தால் வேலை சுலபம். ஆனால் வெள்ளிக்கிழமை ஜட்ஜ் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுகிறார். பிள்ளை இன்னும் வக்கீல் வைக்காததால் துரை என்னையே அனுப்பினார்.

3. காஜா பேராங்கில்

"அடோய், கெராணி!" பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "தன் வலையில் தானே விழுந்தானா? விருந்தாளிகளுக்கு வாழையிலையில் காற்றைப் பரிமாறச் சொல்லுங்கள்."

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அண்டாக்களை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தெங்கேராவில் ஒரு கந்தூரி விருந்தில் சிவப்பு அண்டாவில் மாட்டுக்கறி கொதித்தது. என் மச்சான் பார்த்தான். விளிம்பு நசுங்கிய அண்டா. ஒன்றைக் கலந்தவர்கள் மிச்சத்தையும் கலப்பார்கள். அதனால் எடுத்தேன்."

"ராவுத்தரிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் கத்துவான். தெரு முழுக்கக் கேட்கும். பிறகு எந்தச் செட்டி வீடு எங்களிடம் அண்டா எடுக்கும்? எனக்கும் நஷ்டம், அவனுக்கும் நஷ்டம்."

அன்று மாலையே ராவுத்தரை அழைத்துப் போனேன். பிள்ளை சொன்னதைக் கேட்டதும் அவர் குரல் கூரையைத் தொட்டது. "இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லக் கூடாதா!"

"பாருங்கள், கெராணி. இதனால்தான் சொல்லவில்லை" என்றார் பிள்ளை.

ராவுத்தர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். "கலந்தது என் ஆளு. நசுங்கினதை என் வரிசையில போட்டுக்கறேன். அதுக்குப் பதிலா புது அண்டா என் செலவு. சிவப்புக்குத் தனி அறை, சாவி உன்கிட்ட."

"விருந்தில் என்ன கறி?"

"மாடு சொல்லியிருந்தேன்." சற்று யோசித்தார். "ஆடாக்கிடறேன். குடும்பத்தோட வந்துடு."

மறுநாள் அண்டாக்களை எடுக்க இடம் கொடுத்து ஜட்ஜ் உத்தரவை மாற்றிக் கையெழுத்திட்டார். காரணம் என்ற இடத்தில் 'இரு தரப்புச் சம்மதம்' என்று மட்டும் எழுதினோம். மாட்டுக்கறி விஷயம் கோர்ட் காகிதத்தில் ஏறவில்லை. அடுத்த வாய்தாவில் வழக்கையே வாபஸ் வாங்கினார்கள்.

இடைக்காலத் தடை யார் பக்கம் நியாயம் என்று சொல்வதில்லை. தீர்ப்பு வரும்வரை பொருளை இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறது; அவ்வளவுதான். அந்த நிறுத்தத்தில் கோபமும் கொஞ்சம் ஆறும். இப்போது கூட்டாளிமேல் தடை கேட்டு யார் வந்தாலும், துரையின் அனுமதியோடு இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்த உத்தரவு உங்கள் கையையும் கட்டினால் இந்த வாரம் எது நின்றுபோகும்? அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவரிடமே கேட்டீர்களா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதற்குச் சிலர் குடையை எடுத்துக்கொண்டு கூட்டாளியிடமே கேட்கப் போய்விடுகிறார்கள். துரைக்கு அதில் ஃபீஸ் போகிறது. இதுவரை அவர் என்னைத் தடுத்ததில்லை.