குணமானவர்கள் வரிசையில் என் மனைவி

என் மனைவியைப் பற்றி நான் பெருமையடித்தால் எங்கள் ஊர் செலியமேட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பாகூர் கல்யாண மண்டபத்தில் அவள் பேசிய பேச்சை நான் சொல்லாத ஆள் கிடையாது. கரும்பு வெட்ட வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

அவளுடைய தம்பி கடலூர் சாலையில் வண்டி மோதி இறந்தான். தாயில்லாத பையன், இவள்தான் வளர்த்தாள். அன்றோடு இவளுக்குத் தூக்கம் போயிற்று. சோறு போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தேன், சண்டைக்குக்கூட வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பேச்சு சிகிச்சை என்று ஓர் அரசுத் திட்டம் வந்தது. மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது, உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் போதும் என்றார்கள். பேச்சில் இவளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் இல்லை. இவளுக்கென்றே வந்த வைத்தியம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு சின்னப் பெண் பொறுமையாகக் கேட்டாளாம். அடுத்த முறை போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர். அந்தப் பெண்ணை வில்லியனூருக்கு மாற்றிவிட்டார்கள். புதியவர், "இன்னா பிரச்சனை, முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார். சொன்னாள். அதற்கடுத்து இன்னொருவர். மறுபடியும் முதலிலிருந்து. தனி அறையும் கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையை ஒட்டி ஒரு திரை, அவ்வளவுதான். இவள் உள்ளே அழுதால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இனிமே போவல" என்று சொல்லிவிட்டாள்.

சில மாதம் கழித்து விழாவுக்கு அழைப்பு வந்தது. திட்டத்தால் குணமானவர்களைக் கௌரவிக்கிறார்களாம். வருவதை நிறுத்தியவர்களையெல்லாம் குணமானவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்பது மண்டபத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. உட்கார்ந்த இடத்துக்கே வந்து சால்வை போட்டார்கள். இவள் என் காதில், "நல்லாயிட்டேன்னு இங்க சொல்லிட்டா, நாளைக்கி எந்த மூஞ்ச வச்சிகினு போயி உதவி கேப்பேன்?" என்றாள். அதற்குள் மைக் இவள் கைக்கு வந்துவிட்டது.

"எனக்குச் சால்வ வேணாம் சார், தூக்கந்தான் வேணும். நான் குணமாவல, வர்றத நிறுத்திட்டேன். ஆள மாத்தி மாத்தி ஒக்கார வச்சி முதல்லேர்ந்து சொல்லுன்றீங்க. ஒவ்வொரு தடவயும் எந்தம்பி மஞ்ச சட்டயப் போட்டுகினு வண்டிய எடுக்கறான், சாவறான். எத்தினி தடவ அவன நானே சாவடிக்கறது?"

மேடையிலிருந்த அதிகாரி கெட்டிக்காரர், சமாளித்துக்கொண்டார். "பாருங்க, வாயே தெறக்காத அம்மா இன்னைக்கு எவ்ளோ தைரியமா பேசறாங்க! இதுதான் நம்ம திட்டத்தோட வெற்றி" என்றார். கைதட்டல் வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது.

இவள் மைக்கைத் திரும்ப வாங்கினாள். "பேச்சு எனக்குப் பொறந்ததுலேர்ந்தே வரும் சார். அது நீங்க குடுத்தது இல்ல. தோ, எங்க வூட்டுக்காரரு ஒக்காந்துகிறாரு, கேட்டுப் பாருங்க."

மொத்த மண்டபமும் என்னைப் பார்த்தது. நான் எழுந்து, "ஆமா சார், நெசந்தான். நானே சாட்சி" என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அதிகாரியும் சிரித்தார், வேறு வழியில்லை. என் மனைவி சிரிக்கவில்லை. அவள் நின்ற நிமிர்வைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வண்டியை எடுக்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். முதலில் கேட்ட அந்தச் சின்னப் பெண்.

"அக்கா, வில்லியனூருக்கு வாங்க. நான் அங்கதான் இருக்கேன். முதல்லேர்ந்து சொல்ல வேணாம். தம்பி சாப்பிடாம கெளம்பிட்டாருன்னு சொல்லி அழுதீங்க, அதோட நிறுத்திட்டோம். அங்கேர்ந்து பேசலாம்."

மண்டபத்தையே கலக்கிவிட்டு வந்தவள் இப்போது தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது புதன்கிழமைதோறும் வில்லியனூருக்கு வண்டி ஓட்டுகிறேன். தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. போன வாரம் நான்தான் சமைத்தேன். தட்டிலிருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பே இல்லை என்று என்னைத் திட்டித் தீர்த்தாள்.