வெர்னா ஸ்டால்நேக்கரின் பன்னிரண்டு கடிதங்கள்

மேற்கு வர்ஜீனியாவில், எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. என் கைக்கு வந்ததிலேயே ஒழுங்காக எழுதப்பட்டவை வெர்னா ஸ்டால்நேக்கருடையவை.

பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் உழைத்தவர். கணவர் ஆரினுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்த சிகிச்சை நிலையத்தை மூடப்போகிறார்கள், அதைத் தடுக்கும் மசோதா சட்டமன்றத்தில் கிடக்கிறது என்றதும், நூலகத்தில் நடந்த, உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஒரே பக்கம், ஒரே விஷயம், மசோதாவின் எண், சொந்த அனுபவம். கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது. முகவரி தெளிவாக இருக்க வேண்டும். சொன்னதை அப்படியே செய்தார், மாதம் ஒரு கடிதம், திங்களன்று வந்துசேரும்படி.

அந்த முகவரிதான் காலை வாரியது. அந்த வருடம் தொகுதி எல்லையைத் திருத்தி வரைந்திருந்தார்கள். கோடு வெர்னாவின் தெரு நடுவே போனது. அவர் வீடு பக்கத்துத் தொகுதியில் விழுந்தது; அவருக்கு அது தெரியாது. வேற்றுத் தொகுதிக் கடிதத்தை அங்கே அனுப்பிவிட வேண்டும், அது விதி. அங்கே எந்த மூலையில் கிடக்குமோ, கடவுளுக்கே வெளிச்சம். முகவரியே இல்லாத கிறுக்கல்களைக்கூட எங்கள் உறுப்பினரின் மேஜைக்கு அனுப்பியிருக்கிறேன். வெர்னாவுடையதை நான் மட்டும் படித்தேன். படித்து என்ன பயன்?

தேவாலய விருந்தில் இருவரையும் பார்த்தேன்.

"ஏம்மா டோரீன், என் லெட்டரெல்லாம் அவர் கைக்குப் போகுதா?" என்றார் வெர்னா.

ஆரின் முந்திக்கொண்டார். "எனக்குக்கூட இவ இத்தனை லெட்டர் எழுதினதில்ல. அந்த ஆளு மேல ஒரு கண்ணு போல."

"பேசாம தின்னுங்க. உருளைக்கிழங்கைத் தொடாதீங்க, டாக்டர் சொன்னாருல்ல."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போகுது வெர்னாம்மா," என்றேன். கோழைத்தனம், வேறென்ன.

செப்டம்பரில் நிலையத்தை மூடினார்கள். அதன்பின் போக எழுபது மைல், வர எழுபது மைல். பனி விழத் தொடங்கியதும் ஆரின், "போதும் வெர்னா, என்னை வீட்லயே விடு," என்றாராம். பத்து நாள் தாங்கினார்.

அடுத்த திங்களன்று பன்னிரண்டாவது கடிதம் வந்தது. மேலே முகவரி, தெளிவாக. அதன் கீழே மசோதாவின் எண்.

"ஐயா, இந்த மசோதா பற்றி எனக்கு இனி கருத்து ஏதும் இல்லை. என் கணவர் வியாழக்கிழமை இறந்துவிட்டார். இதுவரை என் கடிதங்களைப் படித்ததற்கு நன்றி."

இரண்டு முறை படித்தேன். பிறகு பக்கத்துத் தொகுதிக் கூடையில் போட்டேன்.