ஆட்டுத் தொடையும் ஒரு சாவுச் செய்தியும்

கஜேந்தினியின் வீட்டில் ஃபிரீசர் இல்லை. ஒஸ்லோவில் ஒரு தமிழ் வீட்டில் ஃபிரீசர் இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்மவர்கள் வீட்டில் கட்டில் இல்லாமல் இருக்கலாம், ஃபிரீசர் இல்லாமல் இருக்காது. சிலரிடம் இரண்டு உண்டு. ஒன்று மீனுக்கு, மற்றது மீன் வாங்கியதை மறந்துபோய் மறுபடி வாங்கிய மீனுக்கு. இவளிடமும் ஒன்று இருந்ததுதான். போன கோடையில் குடும்பத்தோடு பேர்கனுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அது செத்துவிட்டது. திரும்பி வந்தபோது எட்டாம் மாடியில் இருந்த மணம் லிஃப்ட் வாசலுக்கே வந்து அவர்களை வரவேற்றது. ஒரு மாதச் சாப்பாட்டைக் கறுப்புப் பைகளில் கட்டி எறிந்துவிட்டு, "இனி இந்தச் சவப்பெட்டி என்ரை வீட்டுக்குள்ளை வராது" என்றாள். வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம். மகேசனும் மறுபேச்சுப் பேசவில்லை.

மகேசன் அவளுடைய கணவர். பஸ் ஓட்டுகிறார். நானும் கஜேந்தினியும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறோம். இருவரும் இருப்பது ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில், அதனால் போவதும் வருவதும் ஒரே ரயிலில். அந்த ரயிலில் அவள் நாட்டு நிலைமை பேசமாட்டாள், சீரியல் பேசமாட்டாள். சாப்பாட்டுத் திட்டம்தான் பேசுவாள். ஃபிரீசர் போனதிலிருந்து அது அவளுக்கு ஒரு சமயமாகவே ஆகிவிட்டது.

எது முதலில் பழுதாகுமோ அதை முதலில் சமைக்க வேண்டும். அவளுடைய சட்டம் இது ஒன்றுதான். சனியும் ஞாயிறும் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ. திங்கள் கீரை. செவ்வாய் கத்தரிக்காய். புதன் முட்டை. வியாழன் டின்மீன். வெள்ளிக்கிழமை விரதம், அன்றைக்குப் பூசணிக்காயும் பருப்பும். பூசணி எங்களையெல்லாம் விட அதிக நாள் இருக்கும் என்பாள். கடவுள் உன் பட்ஜெட்டைப் பார்த்துத்தான் விரதங்களை வைத்திருக்கிறார் என்று நான் சீண்டுவேன். அவள் சிரிக்கமாட்டாள். பங்குனி பிறந்தால் திங்களும் விரதம், இன்னும் நல்லது என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் இந்த வருடம் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு ஆட்டுத் தொடையை வாங்கினாள். அந்த நாட்களில் இங்கே கடைகளில் ஆட்டுத் தொடை பாதி விலைக்கு இறங்கும். உறைந்து கல்லாகக் கிடக்கும் முழுத் தொடை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் உருகும், உருகினால் சமைத்தாக வேண்டும். பாதி விலை என்றாலும் அவளுடைய கிழமைக் காசில் முக்கால்வாசி அதற்கே போய்விட்டது. அதனால் அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் பருப்பு. செவ்வாய் பருப்பு, புதனும் பருப்பு. பத்து வயது அனுஷன் அழுதான். பதினாறு வயது சாருகா, வீட்டை விட்டுப் போகப்போவதாகச் சொன்னாள். தொடை குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் நாட்கணக்காக மெல்ல உருகிக்கொண்டிருந்தது. கஜேந்தினி போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து விரலால் அமத்திப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் வெட்டினாள். எலும்போடு இருந்ததைக் குழம்புக்கு வைத்தாள். அது அன்றைக்கு. சதையை உப்பும் எண்ணெயும் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினாள். பிரட்டல் இரண்டு நாள் நிற்கும், ஞாயிறுக்கு ஆகும். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு சட்டியும் கொதித்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து பூமணி அழைத்தாள்.

"மச்சாள், அப்பா போயிட்டார்."

பூமணியின் அப்பா இரத்தினவேல், மகேசனின் சித்தப்பா. தகப்பன் இல்லாத மகேசனைப் படிக்கவைத்து, ஆளாக்கி, பிளேன் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகேசன் அவரோடு கதைக்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

"அண்ணையின்ரை போன் நிண்டுபோய்க் கிடக்கு. பஸ் ஓடுறார் போலை. நீங்களே சொல்லிவிடுங்கோ. நாளைக்குத்தான் எடுக்கிறம்" என்றாள் பூமணி. பிறகு விம்மலுக்கு நடுவில், "வெறும் வயித்தோடை நிக்கிற மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மச்சாள். சாப்பிட்ட பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றாள்.

கஜேந்தினி தரையில் உட்கார்ந்து அழுதாள். நடிப்பு இல்லை. அந்த மனிதர் இவளோடும் நன்றாகத்தான் கதைப்பார், பிள்ளைகளின் பிறந்தநாள் மறக்கமாட்டார். அழுதுகொண்டிருக்கும்போதே கறி மணம் மூக்கில் ஏறியது. எழுந்து அடுப்பைக் குறைத்தாள். அங்கேதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தகப்பன் வழிச் சாவு. வீட்டுக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மச்சம் வாசலுக்குள் வரக்கூடாது. அடுப்பிலோ இரண்டு சட்டி நிறைய ஆடு.

யாருக்காவது கொடுக்கலாம். கீழ்மாடி மரியரஞ்சனிக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரும்வரை இறைச்சியைத் தொடமாட்டாள். மேல்மாடி பாகிஸ்தான்காரருக்கு ஹலால் இல்லாமல் ஆகாது. எதிர்வீட்டு நோர்வேக் கிழவிக்கு மிளகைக் கண்டாலே தும்மல். எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். நான் சட்டியோடு வாங்கியிருப்பேன், எனக்கு எந்தத் துடக்கும் இல்லை. அவள் அடிக்கவில்லை. கொடுக்க மனம் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு கிழமைப் பருப்பு அந்தச் சட்டிகளுக்குள் கிடந்தது. கொடுத்துவிட்டால் ஞாயிறுக்கு எதை வைப்பது, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

குசினியில் நடந்தாள். ஜன்னலுக்குப் போனாள், சட்டிக்கு வந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். அவர் வர இன்னும் மூன்று மணித்தியாலம். அதற்குள் அவளுடைய மூளை வேலை செய்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்று சொல்வார்கள். மகேசனின் காதில் இன்னும் விழவில்லை. ஆகவே அவருக்குத் துடக்கு இல்லை. அனுஷனுக்கும் இல்லை. சாப்பிட்ட பிறகு சொல்லுங்கோ என்று செத்தவரின் மகளே சொல்லிவிட்டாள். என்ன சாப்பாடு என்று அவள் சொல்லவில்லைதானே. கேட்டவள் இவள் மட்டும், ஆகவே இவள் தொடமாட்டாள்.

இது நல்ல கணக்குத்தான். ஒரேயொரு பிழை, சாருகா கதவடியில் நின்று போனில் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டாள்.

"இப்ப அப்பாவுக்கு பௌஸ நேரம். நான் அடிச்சுச் சொல்லட்டே?" என்றாள். பௌஸ என்றால் வேலை இடைவேளை.

"பஸ் ஓடுற மனுசனுக்குச் செத்த கதை சொல்லுறதே? ஆக்களை ஏத்திக்கொண்டு போறவர்."

"சரி. வந்த உடனை சொல்லுவீங்களோ?"

"சாப்பிட்ட பிறகு சொல்லுவன்."

சாருகா சட்டியைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். "ஆட்டிறைச்சி சாப்பிட்ட பிறகோ?"

"கேள்விப்படாதவைக்குத் துடக்கில்லை."

"அம்மா, இது சட்டத்திலை ஓட்டை பாக்கிற வேலை."

"நீ வாயை மூடிக்கொண்டு இரு. நீ கேட்டிட்டாய், உனக்குப் பருப்பு."

"எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் கஜேந்தினிக்குக் கன்னத்தில் விழுந்தது போல் இருந்தது. மறுபடி நடந்தாள். பூமணி மறுபடி அடித்துவிடக்கூடாதே என்று போனைச் சத்தமில்லாமல் வைத்தாள். உடனே, அடித்தால் தெரியாமல் போய்விடுமே என்று சத்தத்தைக் கூட்டினாள். உறைப்புக் கூடியிருக்குமோ என்று கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய், துடக்கு நினைவு வந்து நிறுத்தினாள். உப்புப் பார்க்காமல் இறக்கிய முதல் கறி அது.

மூன்று மணிக்கு மகேசன் வந்தார். சப்பாத்தைக் கழற்றக் கொஞ்சம் நேரம் எடுத்தார். "களைச்சுப் போனன்" என்று சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்கு முழுகினார். சனிக்கிழமைகளில் அவர் முழுகுவதுதான். இவள் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேகமாகச் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துச் சோறு போட்டாள். போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஏதோ கடை விளம்பரம். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அனுஷன் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். அவன் வாய் திறந்தது கறிக்குத்தான், கதைக்கு இல்லை. மகேசன் வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்லப்போனார்.

"எனக்கு வயித்தைப் பிரட்டுது, நான் பருப்போடை சாப்பிடுறன்" என்று இவள் முந்திக்கொண்டாள். "நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

அவர் திறந்த வாயை மூடினார். அவளுடைய கோப்பையைப் பார்த்தார். "சாருகா எங்கை?"

"அவளுக்குப் பசியில்லையாம்."

அவர் சோற்றைப் பிசைந்தார். மெதுவாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். கறி சரியில்லையோ, உப்புக் கூடிவிட்டதோ என்று இவள் தவித்தாள். அவருக்குப் பிடித்த எலும்பைத் தேடி எடுத்து வைத்தாள். அவர் அதை ஓரமாகத் தள்ளினார்.

"காணும், போதும்" என்றார்.

"என்ன காணும்? விடிய வெள்ளணப் போன மனுசன். இன்னும் ஒரு துண்டு." போட்டாள்.

அவர் அந்தத் துண்டைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அதையும் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு அவர் சோபாவில் இருந்தபோது கஜேந்தினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நம்மவர்கள் சாவை நேராகச் சொல்லமாட்டார்கள், படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அவளும் மூன்று மணித்தியாலமாக அந்தப் படிகளைக் கட்டி வைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ. பூமணி எடுத்தவள். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்..."

"சித்தப்பா காலமை போயிட்டார்" என்றார் மகேசன். "பூமணியின்ரை மகன் பிரசாந் மெசேஜ் போட்டவன். கடைசித் தரிப்பிலை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனான்."

கட்டிய படியெல்லாம் அவள் காலடியிலேயே சரிந்தது.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? அந்தத் தொடைக்காக நீ ஒரு கிழமை பட்ட பாடு எனக்குத் தெரியாதே? வீட்டுக் கதவைத் திறக்கிறன், கறி மணக்குது. பிள்ளையள் இண்டைக்குச் சாப்பிடட்டும், வயித்துக்குள்ளை சரியில்லை எண்டு நான் சாப்பிடாமல் விடுவம், நாளைக்குக் காலமை சொல்லுவம் எண்டு நினைச்சனான். வாயைத் திறக்கிறன், அதுக்குள்ளை நீ அதே கதையைச் சொல்லுறாய்." அவர் குரல் உயரவில்லை. "உன்ரை கோப்பையிலை பருப்பு மட்டும் கிடந்தது. உனக்கும் தெரியும் எண்டு அப்ப விளங்கிட்டுது."

"விளங்கின பிறகுமோ சாப்பிட்டனீங்கள்?"

"இப்ப சொல்லுவாய், இப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். "நீ இன்னொரு துண்டு போட்டாய்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் மறுபடி தலைக்கு முழுகினார். பிறகு யாழ்ப்பாணத்துக்கு எடுத்துப் பூமணியோடு கதைத்தார், அழுதார். அடுத்த நாள் செத்தவீட்டைப் போனில் பார்த்தபோது கஜேந்தினியைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணி கேட்டார், குடித்தார். இரண்டு சட்டியையும் அவரே கீழே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒரு கோபச் சொல் இல்லை. கோபப்பட்டிருந்தால் இவள் சண்டை பிடித்திருப்பாள். சண்டையில் இவளை யாரும் வென்றது கிடையாது.

திங்கட்கிழமை ரயிலில் இதையெல்லாம் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மீது என்று தெரியாத ஆத்திரம். நான் வாய் அடங்காதவள், கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லு. அந்தாள் வெறும் வயித்தோடை இருக்கக்கூடாது எண்டு மறைச்சனியோ, இறைச்சி பழுதாப்போடும் எண்டு மறைச்சனியோ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அதைத்தான் அவர் கேப்பார், கேப்பார் எண்டு ரெண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், அக்கா. கேக்கிறாரில்லை" என்றாள். "கேட்டால் ஒரு பொய்யாவது சொல்லுவன்."