நல்லெண்ணெய் பூசிய கம்பளி

நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை இருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊர் வீடுகளில் கம்பளித் துணி எப்படிச் செய்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார்கள். ஆட்டு ரோமத்தைக் கழுவி, எண்ணெய் பிசறி, முள் பலகையில் சீவி, ராட்டையில் நூற்பார்கள். என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பஞ்சாலையில் இருந்தவர். சும்மா உட்கார முடியாமல் அங்கே ஒத்தாசைக்குப் போனார். சம்பளம் கிடையாது.

ரோமத்தில் பிசறப் பன்றிக் கொழுப்பு வைத்திருந்தார்கள். அதுதான் அந்தக் காலத்து வழக்கமாம். இவர் ஆடு, கோழி தின்கிறவர்தான். பன்றியை மட்டும் கையால் தொடமாட்டார். இந்தியன் கடையில் நல்லெண்ணெய் டின் வாங்கிப் போனார். பண்ணைக்காரம்மா வெளியூர் போயிருந்தாள். கேட்க ஆளில்லை.

நல்ல வெயில் காலம். பிசறிய ரோமத்தைச் சாக்குகளில் திணித்துக் கொட்டகைப் பரணில் அடுக்கினார். மழை அடிக்குமென்று பரண் கதவையும் சாத்தினார்.

மறுநாள் மத்தியானம் சோறு கொண்டு போனேன். கொட்டகைக்குள் ஒரு வாடை. அடுப்பில் வாணலியை மறந்தது போல. அங்கே அடுப்பே இல்லை.

"ஏனுங்க, என்னமோ கருகுதுங்க."

பரணிலிருந்து சிரித்தார். "எங்க போனாலும் உனக்கு அடுப்படி நெனப்புதான் புள்ள."

ஏறினேன். ஒரு சாக்கைத் தொட்டேன். மேலே ஒன்றும் இல்லை. உள்ளே கையை விட்டேன். உடனே இழுத்துக்கொண்டேன்.

"உள்ள கொதிக்குதுங்க. எறங்கிருங்க."

"ஆட்டைத் தொட்டாலும் சூடாத்தான் இருக்கும்."

"ஆட்டுக்கு உசுரு இருக்குது. இது சாக்குங்க."

அவரும் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அந்தச் சாக்கை உதைத்துக் கீழே தள்ளினார். விழுந்து கிழிந்தது. நடுவில் கரிக்கட்டை போலக் கறுப்பு. காற்றுப் பட்டதும் கறுப்பு சிவந்தது.

நெருப்பு யாரும் வைக்கவில்லை. அந்த எண்ணெய் பிசறிய ரோமத்தை அடைத்து வைத்தால் தானே சூடேறுமாம். மகன் பிறகு சொன்னான்.

இறங்கி, சாக்கை வாசலுக்கு இழுத்துப் போட்டு, ஆட்டுத் தொட்டித் தண்ணீரை ஊற்றினோம். திரும்பிப் பார்த்தால் பரண் பலகை இடுக்கெல்லாம் புகை. அவர் மறுபடி ஏணியில் கால் வைத்தார்.

"எங்க போறீங்க?"

"மிச்சத்தையும் தள்ளிப் போடறேன். அந்தம்மா என்னை நம்பி உட்டுட்டுப் போயிருக்குது."

சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஏணியைத் தள்ளிவிட்டேன்.

"பைத்தியமா புள்ள உனக்கு?"

"ஆமாங்க. நடங்க."

ரோட்டுக்குப் போவதற்குள் பரண் கதவு உள்ளிருந்தே பிய்த்துக்கொண்டு வந்தது. தீ கூரைக்கு ஏறியது.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒருவன் கொட்டகையைக் காட்டி என்னமோ கேட்டான். உள்ளே ஆள் உண்டா என்றுதான் கேட்டிருப்பான். இல்லை என்று ஒரு கையை ஆட்டினேன். இன்னொரு கை அவர் சட்டையை விடவில்லை.