மாட்டுக்கும் ஒரு 'ங்க'

கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர். கறுத்து ஒடிசலான, நரைத்த மனிதர். ஏர் மாட்டைக்கூட "திரும்புங்க" என்றுதான் ஓட்டுவார்.

அறுவடை வேலைநிறுத்தத்தின்போது தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. நான் அங்கே குமாஸ்தா.

"டேய், கேட்ட கூலியத் தர்றேன். நாளைக்கே ஆளுங்களோட வந்து வயல்ல இறங்குடா" என்றார் மிராசுதார்.

"கூலி சரிங்க. எங்க சேரியில யாரையும் இனிமே 'டா' போட்டுக் கூப்பிடக் கூடாது. அதையும் ஒப்பந்தத்துல எழுதுங்க" என்றார் இவர்.

சமத்துவம் பேசி வந்த ஆட்சியின் தாசில்தார் சிரித்தார். மிராசுதார் எழுந்து போய்விட்டார்.

வேலைநிறுத்தம் நீண்டது. விளைந்த கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. மாட்டுக்குக் கிடைத்த மரியாதையை மனிதனுக்குத் தருவதைவிட நெல் அழுகட்டும் என்று இருந்துவிட்டான், படுபாவி.