துண்டுக்கு அடியில் வாங்கிய பங்கு

ஊரில் நான் சிரிப்பு மூட்டுகிற ஆள். கல்யாண வீட்டில் பந்தி போடத் தாமதமானால் என்னைத்தான் தேடுவார்கள். நான் ஏமாந்த கதை, வழுக்கி விழுந்த கதை எல்லாம் ஊருக்கே மனப்பாடம். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் பயம்.

உலகச் சண்டைக்காலம் அது. ஜேடர்பாளையத்தில் ஆற்றுப் பாய்ச்சலில் எனக்குக் கொஞ்சம் கரும்பு. வெல்லம் காய்ச்சிச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குக் கொண்டுபோவேன். என் தங்கையைக் கொடுத்த ஊர் மேட்டுக்காடு. அங்கே ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஒரே ஒரு கிணறு. அதுவும் மாசி பிறந்தால் பாறையைக் காட்டிவிடும். இன்னும் பத்து முழம் வெட்டினால் தண்ணீர் நிற்கும் என்று, அவளும் மாப்பிள்ளையும் நாலைந்து வருசமாக வெட்டுக்கூலி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருசம் வெல்லத்துக்கு நல்ல விலை. மண்டிக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில், எனக்குப் பழக்கமான மாட்டுத் தரகர் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு.

"வாங்க சாமி. இன்னும் மாட்டு வாலப் புடிச்சுட்டே எத்தன நாளைக்குங்க? காலம் மாறிப்போச்சு."

"அது உங்க கோட்டுலயே தெரியுதுங்க. இந்த வெயில்ல வேகலீங்களா?"

"வேவுதுதானுங்க. கோட்டுப் போடாட்டி கம்பெனிப் பேச்சு எடுபட மாட்டீங்குதே."

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். கம்பெனிப் பங்கு. மேலே புகை விடுகிற கூண்டு, இரண்டு பக்கமும் யானை, கீழே இங்கிலீசு. மலையில் வெள்ளைக்கல் தோண்டுகிறார்களாம். இரும்பு உலைக்கு அந்தக் கல் வேண்டுமாம். சண்டை முடிகிறவரை கேட்டதுதான் விலையாம்.

"மலை எங்கீங்க இருக்குது?" என்றேன்.

சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே ஒரு மலை இருக்கத்தான் செய்தது. சேலத்தில் எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் ஒரு மலை இருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நானும் விவரமானவன் என்று காட்ட இன்னொன்று கேட்டேன். "இதெல்லாம் மெட்ராசுல பங்குச் சந்தையில விக்கும்பாங்களே. இது அங்க விக்குதுங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க போனா வெல எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருமுங்க. அப்பறம் உங்களுக்கு என்ன லாபம்?"

வேறு ஊர்க்காரன் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். எனக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்தால் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. பிறகும் கேட்கக் கூடாது. நல்ல விலை என்றால் அது மூடிக் கிடக்கிற விலை என்றே நாங்கள் வளர்ந்தோம்.

"போடுங்க துண்ட" என்றேன்.

காப்பி டம்ளர்களைத் தள்ளி வைத்துவிட்டுத் துண்டைப் போட்டார். காகிதத்தில் பத்து ரூபாய் என்று அச்சடித்திருந்த பங்குக்கு அவர் நாலு விரல் பிடித்தார். நான் ஒன்று. அவர் மூன்று. நான் கையை உருவிக்கொண்டு எழுந்திருப்பதுபோல் பாவனை செய்தேன். இரண்டில் படிந்தது. பத்து ரூபாய்ச் சரக்கை இரண்டுக்கு அடித்துவிட்ட பெருமையில் நூறு பங்கு வாங்கினேன். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். மாடாக இருந்தால் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்திருப்பேன். காகிதத்துக்கு எங்கே பல் இருக்கிறது?

ஒரு மாதத்தில் என் பெயரை அச்சடித்து, முத்திரை குத்திய காகிதம் தபாலில் வந்தது. வாய் சும்மா இருக்குமா? கரும்பாலைக் கொட்டகையில் பாகு கொதிக்கிறது; ஊரே சுற்றி நிற்கிறது. நாலுக்கு வாங்கினேன், இப்போது எட்டுக்குப் போகிறது என்று அளந்து விட்டேன். இரண்டுக்கு வாங்கினேன் என்றால் மலிவான சரக்கு என்பார்களே! எட்டு எங்கிருந்து வந்தது? கொப்பரையிலிருந்து ஆவி வந்ததுபோல வந்தது.

சில மாதம் கழித்துக் காசு முடை. கொஞ்சம் விற்கலாம் என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். தரகர் காப்பிக் கடையில்தான் இருந்தார். கோட்டில் இரண்டு பொத்தான் குறைந்திருந்தது.

"இத இப்ப ஆரு வாங்குவாங்க?" என்றேன்.

"ஆராச்சும் வாங்கோணுமுங்க. நீங்க வாங்குலீங்களா?"

"நீங்களே எடுத்துக்கங்களே. ரெண்டுக்கே தாறேன்."

சிரித்தார். "நான் விக்கறவனுங்க. வாங்கறவன நீங்கதான் கூட்டியாரோணும்."

எந்தக் கிழட்டு மாட்டுக்கும் சந்தையில் ஒருவன் வந்து ஒரு விலை கேட்பான். இதற்குக் கேட்க ஆளே இல்லை. என்னைப்போல ஒருவன் கிடைத்தால்தான் நான் தப்பிக்க முடியும். வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் இது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏனென்றால் அடுத்த வாரம் எங்கள் ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்த தங்கை, புடைவைத் தலைப்பில் முடிந்த பணத்தோடு என் முன்னால் நின்றாள்.

"ஏண்ணா, உன்ற பங்கு எட்டுக்குப் போவுதாமா? எங்களுக்கும் கொஞ்சம் வாங்கிக் குடு. ஒரு வருசத்துல ரெட்டிச்சா, கெணறும் வெட்டிப் போடலாம், மேல நாலு சுத்துக் கல்லுங் கட்டிப் போடலாம்."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"உங்கண்ணன் சொன்னா செரின்னாரு."

அப்போது நான் வாயைத் திறந்து ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இது: "வெளிய எட்டு. நீ பொறந்தவ. உனக்கு ஆறுக்கு வாங்கித் தாறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, என் பெட்டியிலிருந்த அதே நூறு பங்கைக் கொடுத்தேன். அவள் பெயருக்குக் காகிதம் பிறகு வரும் என்றேன். அவளுக்கு இங்கிலீசு தெரியாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டுக்கு வாங்கியதை ஆறுக்கு விற்ற நானூறு ரூபாய் லாபத்தில் நான் ஒரு சோடிக் காளை வாங்கினேன். வெள்ளை வெளேரென்ற காளைகள். ஊரே நின்று பார்த்தது. எனக்கு மட்டும் அவற்றை நேராகப் பார்க்க முடியவில்லை. தீவனம் போடும்போது பின்பக்கமாகப் போய்ப் போடுவேன்.

மறு வருசம் மழை இல்லை. கிணறு காய்ந்தது. மாப்பிள்ளை பங்கை விற்றுவிட்டு உடனே வெட்டு ஆள் பிடிக்கலாம் என்று தானே சேலத்துக்குப் போனார். தரகரைக் காணோம். கம்பெனி என்று எழுதியிருந்த விலாசத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பூட்டு. சூரமங்கலத்தில், வெல்ல மூட்டை ரயிலேற்றும்போது எங்கள் இருவருக்கும் பழகின ரயில்வே குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவரிடம் காகிதத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா கம்பெனிப் பெயரைப் படித்தார், பங்கு எத்தனை என்று படித்தார், கடைசியாகச் சொந்தக்காரன் என்று என் பெயரையும் படித்தார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனி முழுகின சேதி மட்டும் வந்திருந்தது. எங்கள் வீட்டில் காதுகுத்து. சொந்தபந்தம், ஒரம்பரை எல்லாம் கூடியிருக்கிறது. தங்கை பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மச்சான் காளைக்குப் பேரமா?" என்று எதிரே இருந்த ஒருவர் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மாப்பிள்ளை, என்னைப் பார்க்காமல்.

முதலில் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். பிறகு ஒரு விரல். ஆறு. அவர்கள் கொடுத்த விலை. பிறகு அவர் கையைத் தளர்த்திக் காத்திருந்தார். நீ வாங்கியது எத்தனைக்கு? அதுதான் கேள்வி.

பொய் சொல்ல எனக்கு வாய்தான் பழக்கம். விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். சாம்பார் வாளியோடு தங்கை எங்களைத் தாண்டிப் போனாள்.

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டார். "பேரம் முடிஞ்சுதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "காளை ரெண்டும் எனக்குத்தான். மச்சா, நாளைக்கே ஓட்டிட்டுப் போறேன். மீதி எரநூத்துக்கு வெல்லம் அனுப்பிப் போடு."

"பாத்தீங்களா, மச்சானுக்கு நட்டம்! சிரிக்க வெக்கறவனே இப்ப அளுவப் போறான்!" என்று பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

காளைகளை விற்ற பணத்தில் கிணறு வெட்டினார்கள். பதினோராம் முழத்தில் ஊற்று வந்தது. மாப்பிள்ளை அன்றைக்குத் துண்டுக்குள் பேசியதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை, தன் மனைவியிடமும்கூட. சந்தை வழக்கத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று தெரிந்தும், அவர் அதைக் காப்பாற்றினார். என்னிடம் அதன் பிறகு அளவாகத்தான் பேசுவார்.

தங்கை விசயம்தான் தாங்க முடியாதது. நானும் அவளோடு சேர்ந்து அந்தப் பங்கில் பணத்தை விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்குப் போனால் முதலில் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போவாள். குடத்தில் முதல் தண்ணீரை மொண்டு எனக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் சொல்வாள்:

"எங்கண்ணனுக்கும் அந்தக் கம்பெனில அத்தனையும் போச்சு. அப்பறமும் ஆசையா வளத்த காளையக் குடுத்து இந்தக் கெணத்த வெட்டிக் குடுத்துச்சு. குடிண்ணா, ஏன் நிக்கற?"

அவர்கள் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தைத் தூக்கி அண்ணாந்து, மூச்சு முட்டுகிறவரை குடித்துக்கொண்டே இருப்பேன்.